இருபத்திரண்டு பிள்ளைகளும் என் வலது கையும்

எனக்குச் சங்கீதம் வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சிறு வயதில் நான்கு வருடம் மிருதங்க வகுப்புக்குப் போய், கடைசியில் வாத்தியாரே வீடு தேடி வந்து அப்பாவிடம் "பையனுக்கு வேற ஏதாவது பாருங்க" என்று கெஞ்சிய பிறகு ஏற்பட்ட தெளிவு அது. அப்படிப்பட்டவனை ஓர் இளையர் இசைக்குழுவுக்குச் செயலாளராகப் போட்டார்கள். சங்கத்தில் வேறு யாருக்கும் கையெழுத்து நன்றாக இல்லை என்பதுதான் காரணம்.

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் சங்கம் இருந்தது. கடை, மாடி, மாடிக்குப் பின்னால் நான் குடியிருந்த பத்தடி அறை மூன்றுக்கும் ஒரே முதலாளி. அவரே சங்கத் தலைவர். ஒரு சீனப் பள்ளிக்கூட விழாவுக்குப் போனவர், அறுபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று கேட்டார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம். அடுத்த வாரமே லாரியில் வயலின்கள் வந்து இறங்கின. கூடவே வயலினுக்குப் பெரியண்ணன்போல் ஆளுயரத்தில் ஒரு செல்லோ. அதைத் தொடக் கடைசிவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்து, தரையில் சம்மணம் போட்டு வயலின் கற்றவர்கள். அப்படி வாசிக்கும்போது வயலினின் தலை காலில் தாங்கி நிற்கும். தலைவர் எல்லோரையும் நாற்காலியில் ஏற்றிவிட்டார். தாங்கக் கால் இல்லாமல் வயலின்கள் பிள்ளைகளின் மடியிலும் மார்பிலும் தத்தளித்தன. இந்தக் கோலத்தில், பிரிட்டிஷ் ராணுவ முகாமில் பேண்டு வாசித்த ஓர் ஆங்கிலேயர் மூன்று வருடம் ஞாயிறுதோறும் வந்து அவர்களை நடத்தினார். ஆச்சரியம், நன்றாகவே நடத்தினார். ஊர் திரும்புமுன் நாங்கள் மாலை போட்டபோது, இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் தாளம் ஓடுகிறது என்று சொல்லிக் கண் கலங்கினார்.

அவர் கப்பலேறிய அதே மாதம் எனக்கும் ஊரைவிட்டுப் போக ஒரு வழி திறந்தது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளேட்டில் துணை ஆசிரியர் வேலை. பகலில் கப்பல் கம்பெனியில் சரக்குப் பட்டியல் எழுதி, இரவில் யாரும் போடாத நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது சொர்க்கம். முதல் தேதி வேலையில் சேர வேண்டும். ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும் பாக்கி. பத்திரிகை அதிபர் எங்கள் தலைவருக்குப் பழைய சிநேகிதர்.

"கடிதம்தானே? தாராளமா தர்றேன்," என்றார் தலைவர். "ஆனா தம்பி, போன மாசக் கூட்டத்துல என்ன பேசினீங்க?"

அந்தக் கூட்டத்தில், கைதட்டல் கிடைக்கிற உற்சாகத்தில், 'தகுதியான ஓர் இசை நடத்துநர் வந்து காலூன்றும்வரை நான் இந்தக் குழுவைவிட்டு அசையமாட்டேன்' என்று முழங்கியிருந்தேன். அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். வாக்கியம் அப்படியே இருந்தது. எழுதியது நான்தான். அழகாக, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

"கண்டக்டர் வந்து உட்காரட்டும். அன்னைக்கே கடிதம்."

முதல் தேதிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேர்வு வைத்தோம். விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் ஒரே பாட்டு, பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய ஐந்து நிமிட அணிநடை, அதாவது மார்ச். வெளியாட்கள் வந்து தொந்தரவு செய்யக்கூடாதென்று தலைவர் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். தெருவில் காய்கறிக்காரர்கள் சத்தம், அதனால் ஜன்னல்களையும் சாத்தினார். தாள்கள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்து மாவு மில்லில் அன்றைக்கென்று மிளகாய் அரைத்தார்கள். நெடி மட்டும் எப்படியோ உள்ளே வந்தது, வந்தபின் அதற்கும் வெளியேற வழியில்லை. பிள்ளைகள் சுவரோரம் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, பால் டின் பெட்டிமேல் ஏறி நடத்துநர் நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் நாங்கள். தலைவர் நடுவில், நான் அறிக்கைப் புத்தகத்தோடு கொஞ்சம் இடப்பக்கமாக. மூன்று வருடமாக என் நாற்காலி அங்கேதான்.

முதலில் வந்தவர் போலீஸ் பேண்டில் கார்னெட் என்ற ஊதுகுழல் வாசித்து ஓய்வுபெற்றவர். மீசையும் நிற்கிற நிலையும் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன். கையிலிருந்த சிறு கோலை உயர்த்தினார். பாட்டு மிடுக்காகத்தான் தொடங்கியது. பாதியில் பிள்ளைகள் ஓட்டமெடுத்தார்கள். அவர் கோலால் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். வண்டி இறக்கத்தில் போனபிறகு பின்னாலிருந்து கயிறு பிடிப்பதுபோல் இருந்தது. பிள்ளைகள் முடித்துவிட்டு வில்லை இறக்கியபோது அவர் கையில் இன்னும் பத்துப் பதினைந்து தாள அடி மிச்சம் இருந்தது.

"என் கையை ஒருத்தனும் பாக்கலை சார்," என்றார். முகம் கறுத்துவிட்டது. "சுவத்துல என்ன, பல்லியா ஓடுது? முப்பது வருஷம் வாசிச்சவன் நான்."

தலைவர் கதவைத் திறந்து அவரை அனுப்பிவிட்டு மறுபடி பூட்டினார்.

இரண்டாமவர் தலைவருடைய மச்சான். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழு நடத்துபவர். கண்ணை மூடி, உடம்பெல்லாம் ஆடி, தலைமுடி நெற்றியில் விழ நடத்தினார். போனவரைவிடப் பிள்ளைகள் இன்னும் வேகம். இவர் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் வாசித்து முடித்து, கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை நாகரிகமாகக் கைதட்டியது.

"என்ன மச்சான், தூங்கிட்டியா?" என்றார் தலைவர்.

"இதுங்களை நடத்த முடியாது மாமா. ரேஸ் குதிரைங்க லா இதுங்க!"

மூன்றில் இரண்டு போயிற்று. தலைவர் என் பக்கம் சாய்ந்து, "இன்னைக்கு யாரும் தேறலைன்னா பரவாயில்லை தம்பி. ஆறு மாசம் கழிச்சுப் பொறுமையாப் பாத்துக்கலாம். என்ன அவசரம்?" என்றார். பத்தடி அறையும், சரக்குப் பட்டியலும், இந்த மிளகாய் நெடியும் என் ஆயுளுக்கும் கண்முன் விரிந்தன.

மூன்றாவது, ஒரு பள்ளி ஆசிரியை. முப்பது வயதிருக்கும். ஞாயிறு காலைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். பெட்டிமேல் ஏற மறுத்துவிட்டுத் தரையிலேயே நின்றார். பாட்டு தொடங்கியது. இந்தத் தடவை நாலாவது வரியிலேயே பிள்ளைகள் வேகமெடுத்தார்கள். அந்த அம்மாள் அவர்களை இழுத்துப் பிடிக்கப் பார்க்கவில்லை. அவர்களுடைய கண்களைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டிக்கொண்டே சட்டென்று திரும்பி, நேராக என்னைப் பார்த்தார்.

"சார், அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"எந்தக் கையை?"

"தொடையில தட்டிக்கிட்டு இருக்கீங்களே, அதை."

குனிந்து பார்த்தேன். என் வலது கை என் தொடைமேல் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. சுத்தமாக, ஆனால் கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவன் வேகத்தில். மிருதங்க வாத்தியாரின் நான்கு வருட உழைப்பில் மிஞ்சியது அந்தப் பழக்கம் ஒன்றுதான். அது நடப்பதே எனக்குத் தெரியாது. கையை நிறுத்தினேன். பாட்டு, கால் தடுக்கியதுபோல் இரண்டு அடி தள்ளாடி நின்றுபோனது.

"யாரைப் பாத்து வாசிக்கிறீங்க?" என்று ஆசிரியை பிள்ளைகளைக் கேட்டார்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "செக்ரட்டரி சாரைத்தான் டீச்சர்."

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவுமே. வெள்ளைக்காரர் குச்சியால காத்துல படம் போடுவாரு, ஒண்ணும் புரியாது. சார் தொடையில தட்டுனா எங்க பாட்டு வாத்தியார் மாதிரியே இருக்கும்."

மூன்று வருடம். அந்த ஆங்கிலேயர் கோலை ஆட்டியிருக்கிறார், நான் அதைப் பார்த்துத் தொடையில் தட்டியிருக்கிறேன், பிள்ளைகள் என் தொடையைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள். மனதில் கவலை இல்லாத காலத்தில் இந்த ஏற்பாடு பிசகில்லாமல் ஓடியது. இப்போது சீக்கிரம் ஒரு நடத்துநர் கிடைத்துத் தொலைய வேண்டுமே என்ற என் தவிப்பு, விரல் வழியாக இறங்கி, வந்த நடத்துநர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது டீச்சர்?" என்றேன்.

"ஆர்கன் வாசிக்கிறவங்களுக்குப் பூசை முதுகுக்குப் பின்னாலதான் சார் நடக்கும். எதிர்ல பாடுறவங்க கண்ணைப் பாத்தே பின்னால என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கப் பழகிடும்."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் பல். "அடேயப்பா! மூணு வருஷமா கண்டக்டரைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம்! தம்பி, நீங்களே ஏறுங்க பெட்டி மேல!"

"அண்ணே, எனக்குச் சங்கீதமே தெரியாதுண்ணே."

"தெரியாமலே இப்படின்னா!"

ஆசிரியை கடிகாரத்தைக் காட்டினார். "எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இவரை மட்டும் வெளியில அனுப்புங்க."

மாடிப்படியில் போய் நின்றேன். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் பாட்டு தொடங்கியது, சரிந்தது. அவர் குரல்: "பரவாயில்லை, மறுபடி." மறுபடியும் சரிந்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒருமுறை ஏழெட்டு வரி தாங்கி நின்றது. கதவில் காதை ஒட்டிக் கேட்டேன். பிறகு அதுவும் விழுந்தது. உள்ளே ஒரு பிள்ளை அழுதது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"கத்துக்குவாங்க," என்றார் ஆசிரியை. "நான் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இவர் மூணு மாசம் அதே நாற்காலியில உட்காரணும். திடீர்னு நிறுத்தினா பிள்ளைங்க தாங்க மாட்டாங்க. பால் மறக்க வைக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

இருபத்தெட்டு வயது பிரம்மச்சாரியைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"மூணு வாரத்துல முடியாதா டீச்சர்?"

"முடியாது சார்."

"அப்ப கடிதம்?" என்று தலைவரைப் பார்த்தேன்.

"காலூன்றும்வரைன்னு எழுதியிருக்கீங்களே தம்பி. ஊனட்டும். இல்லைன்னா சொல்லுங்க, பெட்டி காலியாத்தான் இருக்கு."

மூன்று மாதமா, ஆயுளா என்று கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? தலையாட்டினேன். அன்றிரவே கோலாலம்பூருக்கு, தவிர்க்க முடியாத கலைப்பணி காரணமாக இரண்டு மாதம் தவணை வேண்டுமென்று எழுதிப் போட்டேன். போலீஸ் பேண்டுக்காரருக்கும் நடந்ததைச் சொல்லி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவர் பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

முதல் ஞாயிறு ஆசிரியை என்னை முழுத் தாளமும் போடச் சொன்னார், ஆனால் அவர் கையைப் பார்த்து. இரண்டாவது ஞாயிறு விரல் மட்டும். மூன்றாவது ஞாயிறு கைமேல் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டார். தாளின் அசைவைப் பார்த்துப் பிள்ளைகள் வாசித்தார்கள். இடையிடையே அவர் "இங்க" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். நான்காவது ஞாயிறு கையை நாற்காலிக்குக் கீழே தொங்கவிடச் சொன்னார். அன்று அணிநடை, ஐந்து நிமிடத்துக்குச் சரியாக ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. ஒருவர் கண்ணும் என் பக்கம் வரவில்லை.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. இடம் நிரப்பப்பட்டுவிட்டது. கலைப்பணி சிறக்க வாழ்த்துகள்.

ஐந்தாவது ஞாயிறு ஒத்திகைக்கு முன்னால் ஆசிரியையிடம் போனேன். "டீச்சர், பிள்ளைங்கதான் மறந்துட்டாங்களே. இனி நான் எதுக்கு?"

"பேசினது மூணு மாசம் சார். மழைக்காலத்துல தந்தி இளகும், ஒரு தடவை விழுவாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தேன். கதவு பூட்டப்பட்டது. மின்விசிறி நின்றது. இருபத்திரண்டு பேரும் அந்த அம்மாளின் கையை, அவர் கையை மட்டுமே பார்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று வருடம் தெரியாமல் ஆண்ட ராஜ்யம், நான்கு வாரத்தில் தெரிந்தே பறிபோயிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கையை மெல்ல எடுத்துத் தொடைமேல் வைத்தேன். தட்டினேன். வேண்டுமென்றே தப்பாக, வேகமாகத் தட்டினேன். யாரும் பார்க்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். வயலின்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்து நாற்காலியிலிருந்து தலைவர் குனிந்து என் முழங்காலைத் தொட்டார்.

"தம்பி, சத்தம் போடாதீங்க. பிள்ளைங்க வாசிக்கிறாங்க."