றிக்குக்குச் சொல்லாத செய்தி

இவர் றிக்கிலை நிக்கிற நாளுகளிலை பின்னேரம் ஆறரைக்கு நான் ரெலிபோனை விட்டு அசையமாட்டன். றிக் எண்டது நோர்வேக்கு வெளியிலை, வடகடலுக்கை இரும்புக்காலிலை நிக்கிற எண்ணெய் மேடை. என்ரை மனுசன் அங்கை வெல்டர். லண்டனுக்கு வரமுன்னம் பதினாலு வருசம் நோர்வேயிலை இருந்தவர். நாட்டை விட்டாலும் அந்த வேலையை மட்டும் விடேல்லை. லண்டன் மோர்டனிலை இருக்கிற வீட்டாலை வெளிக்கிட்டு, பிளேனிலை நோர்வே போய், பிறகு ஹெலிகொப்டரிலை ஏறுவார். ரெண்டு கிழமை கடலிலை, நாலு கிழமை வீட்டிலை. பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் முடிச்சு, குளிச்சுப்போட்டுத்தான் எனக்குக் கோல் எடுப்பார். கடல் எப்பிடி இருக்கு எண்டு கேட்டால் குளிர் எண்டுவார். அவ்வளவுதான் மனுசன்ரை கதை.

2009 மாசியிலை இவற்றை தங்கச்சி வன்னியிலை ஷெல் பட்டுச் செத்துப்போனா. செய்தி வரேக்கை இவர் றிக்கிலை. அந்த வருசம் சாவுச்செய்தியை ஒளிக்கிறது லண்டனிலை எங்கடை சனத்துக்குக் கைவந்த கலையாப் போச்சு. சோதினை எழுதுற பிள்ளைக்குச் சோதினை முடியட்டும், சீனி வருத்தக்காரிக்குச் சாப்பிட்டாப்பிறகு சொல்லுவம், இப்பிடித்தான் எல்லா வீட்டிலையும். நானும் ஒன்பது நாள் ஒளிச்சன். வீட்டுக்கு வந்தாப்பிறகுதான் சொன்னன். இவர் அழுது ஓய்ஞ்சுபோட்டு, அங்கை சொல்லாமல் விட்டது நல்லது, தனிய அந்தக் கடலுக்கை நான் என்ன செய்திருப்பன் எண்டார். அந்தச் சொல்லைத்தான் நான் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டன், விசரி.

இவற்றை அப்பா, என்ரை மாமா, எங்களோடைதான் இருந்தவர். எழுபத்தெட்டு வயது, வாய்க்கு மட்டும் இருபது. நான் வைச்ச சொதியைக் குடிச்சுப்போட்டு, "பிள்ளை, இதைக் குடிச்சால் படுத்த படுக்கையிலை கிடக்கிறவனும் எழும்பி ஓடுவான்" எண்டுவார். மகள் போனாப்பிறகு அந்த வாய் அடங்கிப்போச்சு. புரட்டாசியிலை நெஞ்சுக்கை தண்ணி கட்டி ஆஸ்பத்திரியிலை சேர்த்தம். இவர் றிக்குக்குப் போய் அண்டைக்கு நாலாம் நாள்.

அவனுக்குச் சொல்லாதை, நெருப்போடை நிக்கிறவன், கை நடுங்கக்கூடாது எண்டு முதல்நாள் மாமாதான் சொன்னவர். எனக்கும் சரியெண்டு பட்டுது. அண்டு இவர் எடுத்து அப்பா எங்கை எண்டு கேட்க, நித்திரை எண்டன். அடுத்தநாள் விம்பிள்டன் கோயிலுக்குப் போட்டார் எண்டன். மூண்டாம் நாள் குளிக்கிறார் எண்டன். ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டால் அடுத்ததுக்கு யோசிக்கவே தேவையில்லை.

குசினிப் பிரிஜ்ஜுக் கதவிலை ஒரு நம்பர் ஒட்டிக் கிடந்தது. கரையிலை இருக்கிற கொம்பனி ஒபிசின்ரை நம்பர், அவசரத்துக்கு எண்டு இவர் எழுதி ஒட்டினது. றிக்கிலை ஏதும் நடந்தால் நாங்கள் எடுத்துக் கேக்கிறதுக்கு எண்டுதான் நான் விளங்கி வைச்சிருந்தன். வீட்டிலை ஒண்டு நடந்தால் அவைக்குச் சொல்லுறதுக்கும் அதுதான் எண்டு என்ரை மண்டையிலை ஏறேல்லை. ரெண்டு கிழமை முறை முடியாமல் ஒரு வெல்டரை நடுக்கடலிலை இருந்து ஆர் கொண்டுவந்து விடுவினம் எண்டு நானே முடிவு கட்டிப்போட்டன்.

சேர்த்து அஞ்சாம் நாள் மாமா என்ரை கையைப் பிடிச்சார்.

"பிள்ளை, இனி அவனுக்குச் சொல்லு."

சொல்லுறன் மாமா எண்டன். அண்டைக்கு ஆறரைக்கு வாய் வரைக்கும் வந்தது. இவர் அங்கை, றிக் குசினியிலை ஒருத்தன் கறி எண்டு சொல்லி மஞ்சள் தண்ணி காய்ச்சி வைச்சவன் எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். தங்கச்சி செத்தாப்பிறகு இவர் சிரிச்சு நான் கேட்டது அதுதான் முதல்தரம். எனக்கு மனம் வரேல்லை. டொக்டரும் மாமா இன்னும் கொஞ்சக் கிழமை இருப்பார் எண்டுதான் சொன்னவர். முறை முடிய ஆறு நாள்தானே, வந்து பாக்கட்டும் எண்டு விட்டுப்போட்டன்.

அடுத்தநாள் போனவுடனை மாமா கேட்டார், சொன்னியோ எண்டு. ஓம் மாமா, சொல்லிப்போட்டன், வாறார் எண்டன். அதுவரைக்கும் நான் செய்தது பிழை. இது பாவம்.

அதுக்குப் பிறகு மாமா ஆஸ்பத்திரி வாட்டுக் கதவைப் பாத்தபடிதான் கிடந்தார். ஆம்பிளை ஒருத்தர் சப்பாத்துச் சத்தத்தோடை வந்தால் தலையைத் தூக்குவார். நாளைக்கு வருவார் மாமா எண்டுவன். அடுத்தநாளும் அதையே சொல்லுவன். ஒரு நாள் தன்ரை பழைய பகிடியோடை, "உன்ரை நாளை எப்ப விடியும் பிள்ளை?" எண்டு கேட்டார். நான் சிரிச்சன், எனக்கு வெக்கமில்லை. மாமா கடைசியாய்ச் சொன்னது அது இல்லை. நான் வெளிக்கிடேக்கை கண்ணைத் திறக்காமல், "அவனுக்கு வேலை கூடவாக்கும். பாவம்" எண்டார். அடுத்தநாள் காலமை, மாமா போட்டார் எண்டு ஆஸ்பத்திரியிலை இருந்து கோல் எடுத்தினம்.

மாமாவுக்கு ஒரே மகன். கொள்ளி வைக்க இவர் வேணும் எண்டு உடம்பை வைச்சிருக்க ஓடி ஓடி ஒழுங்கு செய்தன். மகன் வந்து செய்யவேண்டியதை விடேல்லை எண்டு எனக்குள்ளை ஒரு பெருமைகூட இருந்தது. செத்தாப்பிறகு செய்யிற கடமைக்குத்தான் மகன் எண்டு நினைச்சனோ என்னவோ. உயிரோடை கிடக்கேக்கை பக்கத்திலை இருக்கவும் மகன்தானே.

ரெண்டு நாள் கழிச்சு, முறை முடிஞ்சு, ஒண்டும் தெரியாமல் இவர் பையோடை வாசலிலை வந்து நிண்டார். ஜக்கற்றையும் கழட்டவிடாமல் மாமா போனதைச் சொன்னன். மாடிப்படியிலை அப்பிடியே இருந்தார். எத்தினை நாளாய் எண்டு கேட்டார். எல்லாம் சொன்னன், மாமா சொல்லச் சொன்னதை மட்டும் விட்டுப்போட்டு. வரேலாது எண்டுதானே நினைச்சன் எண்டன்.

"ஆர் சொன்னது வரேலாதெண்டு?"

சத்தம் போடேல்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒபிசுக்கு ஒரு கோல் எடுத்தால் போதும், றிக்கிலை இருக்கிற நேர்ஸ் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லியிருப்பா, அடுத்த ஹெலிகொப்டரிலை ஏத்திவிட்டிருப்பினம் எண்டார். அப்பா சேர்ந்து ஆறாம் நாள் ஒண்டு வந்து பாதிச் சீட் வெறுமையாய்த் திரும்பினது, நான் மேலை நிண்டு பாத்தனான் எண்டார். நான் விடாமல், தங்கச்சி செத்தநேரம், அங்கை சொல்லாமல் விட்டது நல்லது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள் எண்டன். இவர் என்னை நிமிந்து பாத்தார்.

"தங்கச்சியிட்டை என்னாலை போகேலாது. அப்பா கிடந்தது வீட்டிலை இருந்து பஸ்ஸிலை இருபது நிமிசம்."

செத்தவீட்டுக்கு முதல்நாள் பின்னேரம் இவர் மாமாவின்ரை கட்டிலிலை போய் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு நாளும் ஒரு கேள்வி உள்ளுக்கை கிடந்திருக்கு.

"அப்பா என்னைக் கேட்டவரோ?"

எனக்கு இப்பவாவது வாயைத் திறக்கலாம் எண்டு தெரியும். அந்த முகத்தைப் பாத்துப்போட்டுக் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிபண்ணினன். இல்லை, கடைசிவரைக்கும் மயக்கமாய்த்தான் கிடந்தவர், ஒண்டும் தெரியாது எண்டன். இவர் பெருமூச்சு விட்டார். நல்லகாலம், கேட்டிருந்தாரெண்டால் நான் தாங்கமாட்டன் எண்டார்.

வருசாவருசம் திவசத்தண்டைக்கு வாற சனத்துக்கு இவர் இதைத்தான் சொல்லுறவர். அப்பா ஆரையும் தேடாமல் நிம்மதியாய்ப் போட்டார் எண்டு. நான் அவைக்குச் சோறு போட்டுக்கொண்டு நிப்பன்.