பதிவேட்டில் ஒட்டிய நாடாத் துண்டுகள்

என் தங்கைக்கு வலது கண்ணில் புரை என்று தெரிந்ததும், எங்கே அறுவை சிகிச்சை செய்வது என்ற பேச்சில் நான்தான் முந்திக்கொண்டு, "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். பெரிய கெட்டிக்காரி. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு அனுப்பும் ஆடிட்டர்கள் வருமுன் கம்பெனியைத் தயார்செய்து வைப்பேன். தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, அவசர வழி, பிறகு அடுக்கடுக்காகப் பதிவேடுகள். எந்த இடத்தின் லட்சணத்தையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று எனக்கு நினைப்பு.

தங்கையும் அதே கம்பெனியில்தான் ஓவர்லாக் மெஷினில் தைத்தாள். அவிநாசிபாளையத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோவாள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் பயந்துவிட்டாள். "கண்ணு போச்சுன்னா எனக்கு வேற என்னக்கா தெரியும்? நீ சரின்னா சரி. நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றாள்.

நான் போய்ப் பார்த்தது, ஒரே டாக்டர் சொந்தமாக நடத்தும் சின்ன கண் மருத்துவமனை. அங்கே போனதற்குக் காரணம் டாக்டர் இல்லை. நிர்வாகம் பார்ப்பவள் என் தோழி. எங்கள் கம்பெனியில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவள். அவள் குழம்பு என் தட்டில், என் பொரியல் அவள் தட்டில் என்று சாப்பிட்டிருக்கிறோம்.

தோழி என்பதற்காக நான் சும்மா விடவில்லை. சிலிண்டரைத் திருப்பித் தேதி பார்த்தேன். குப்பைக் கூடைகள் நிறம் நிறமாகச் சரியாக இருந்தன. கை கழுவும் இடத்தில் படம் ஒட்டியிருந்தது. கடைசியில் அவள் தடிமனான ஒரு பதிவேட்டை என் முன்னால் விரித்தாள். அறுவைக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்துக்கான பதிவேடு. ஒவ்வொரு முறை கருவிகளை உள்ளே வைக்கும்போதும் கூடவே ஒரு நாடாத் துண்டை வைப்பார்கள். ஆவி சரியாகப் பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் விழும். அந்தத் துண்டைத் தேதி போட்டு ஒட்டிவைக்க வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் இதே முறைதான். தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டவேண்டும். குழந்தைகளின் உடுப்பில் ஒரு முனை தங்கிவிட்டால் என்ன ஆகும்? ஒருமுறை தங்கையின் ஊசி உடைந்து முனை மட்டும் கிடைக்கவில்லை. மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, காந்தத்தால் தரையைத் துழாவி, அழுதே விட்டாள். மறுநாள் காலையில் நான்தான் போய், "கெடச்சிருச்சு, போய் வேலையப் பாரு" என்று சொன்னேன்.

"எப்படிங்க்கா இருக்குது நம்ம ஆஸ்பத்திரி?" என்று தோழி கேட்டாள். "நான் இருக்கேனுங்க. உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதானுங்களே."

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கி, வலியில் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணுக்குள்ளேயே மருந்து போட்டார்கள், மறுபடியும் அறுவை செய்தார்கள். கிருமி உள்ளே போயிருக்கிறது, எங்கிருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். இன்று அந்தக் கண்ணில் அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும்.

நான் தோழியிடம் போனேன். அவள் பதறவில்லை. ஆடிட்டருக்கு எடுத்து வைப்பதுபோல அதே பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எல்லாம் பக்காவா இருக்குதுங்க்கா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். இந்த முறை கட்டங்களைப் பார்க்கவில்லை, துண்டுகளைப் பார்த்தேன். அறுவை நடந்த வாரத்தில், திங்கட்கிழமைத் துண்டில் பழுப்பாக ஒரு நீர்க்கறை தொடங்கியது. நடுவில் இருந்த தாளில் படாமல் செவ்வாய்த் துண்டில் தொடர்ந்தது. தங்கைக்கு அறுவை நடந்த புதன்கிழமையின் துண்டில் போய் முடிந்தது. மூன்று நாள் ஆவியில் மூன்று தடவை வைத்த துண்டுகளில் ஒரே கறை எப்படி ஓடும்? நீளமாக ஒரு நாடாவை ஒரே ஒரு தடவை வைத்து எடுத்து, கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள்.

"புதன்கிழமை எத்தனை ஆபரேஷன்?"

"பதினாலுங்க."

"கருவி எத்தனை செட் இருக்குது?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "நாலுங்க."

"நடுவுல என்ன பண்ணுனீங்க?"

"திங்கக்கெழமை ஒருக்கா ஓடுன மெஷின் அப்புறம் ரிப்பேருங்க்கா. மருந்துத் தண்ணில முக்கி எடுத்தாங்க." பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க வந்தன்னைக்கு புக்கைத்தானுங்க கேட்டீங்க. ரூமைக் காட்டுன்னு கேட்டீங்களா? இந்த வித்தை உங்களுக்குத் தெரியாததுங்களா? கம்பெனில நாம ரெண்டு பேரும் சேந்துதானுங்க பண்ணுனோம்."

பதினொரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவள், என் தங்கையை அந்தக் கட்டிலில் படுக்கவிட்டு, வெளியே என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாள். மெஷின் ஓடவில்லை என்று காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எழுந்து வந்திருப்போம். துரோகி. இதை எழுதும்போதும் என் கை அவளை அறையத்தான் துடிக்கிறது. ஆனால் அன்று பதிவேட்டை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

தங்கைக்கு இப்போது தைத்த உடுப்புகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. அந்த மருத்துவமனை மேல் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து நான் எழுத, அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். நாடா விஷயம் வந்ததும் நிறுத்தினாள்.

"கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு கோயம்புத்தூர் டாக்டருக்கே தெரியலீன்னு சொல்றாங்க. நீ எப்படிக்கா ஒரே பார்வைல கண்டுபுடிச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "நானும் அவளும் அப்படிப் பண்ணியிருக்கோம். ஊசித் துண்டு கெடைக்காட்டி, வேற ஊசிய ஒடச்சு ஒட்டிருவோம். மெட்டல் டிடெக்டர் இருக்குது, அது புடிச்சுக்கும்னு சொல்லிக்குவோம்."

நல்ல கண் என் பக்கம் வரும்படி தலையைத் திருப்பினாள்.

"அன்னைக்கு நான் கீழ படுத்துத் தேடுனேனே. காலைல வந்து கெடச்சிருச்சுன்னியே. அதுவுமா?"

"ஆமா கண்ணு."

"அது பச்சக் கொழந்தைக்குத் தெச்ச சட்டைக்கா."

மனுவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மீதியை வேறு யாரையாவது விட்டு எழுதிக்கொள்வதாகச் சொன்னாள்.