தம்பியின் படத்துக்கு முன் ஒரு மெழுகுதிரி

சுவிஸின் பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் முள் பொருத்துவது என் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமணத்தால் மெல்லிய முள்ளைத் தூக்கி முகப்பில் இறக்கவேண்டும். போன மாரிக்கு முந்திய மாரியில் என் கை நடுங்கத் தொடங்கியது. முள்ளுகள் மேசையில் விழுந்தன.

குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உடம்பில் ஒரு பிழையும் இல்லையாம். நித்திரை வருகிறதா என்று கேட்டார். நித்திரை என்னோடு கோபித்துக்கொண்டு போய்க் கனகாலம் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என்னை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே? ஆக்கள் அறிஞ்சால் என்ன கதைப்பினம்?"

"ஆக்கள் கதைக்கிறதுக்கு எனக்கு விசர் பிடிக்கத் தேவையில்லை. புதுச் சீலை கட்டினாலே கதைப்பினம்," என்றேன்.

ஆலோசகர் என் வயதுச் சுவிஸ்காரி. என்னுடையது தொழிற்சாலை ஜெர்மன். அவர் அதற்கேற்ப மெதுவாகக் கதைத்தார். அவர் சொன்னவை எல்லாம் என் ஞாபகத்தில் தமிழாகவே தங்கிவிட்டன. அதனால் அந்த மஞ்சள் தலைமயிர்க்காரி என் நினைவில் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தாள் மாதிரித்தான் கதைக்கிறார்.

அவரிடம் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. சைக்கிளைச் சீற்றில் இருந்து ஓட்டமாட்டான், எழும்பி நின்றுதான் மிதிப்பான். பீலில் சைக்கிளுக்கு என்ன குறை? எவனாவது எழும்பி நின்று மிதித்தால் பஸ் ஜன்னலில் என் நெற்றி முட்டும். அவனுக்கு இப்போது தொந்தி வைத்திருக்கும், தலை நரைத்திருக்கும். எந்த முகத்தைத் தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் தேடுகிறேன். எனக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தமுறை வரும்போது அவனுடைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார் ஆலோசகர். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களோடு ஒட்டியிருக்கும். கழற்றிக்கொண்டு போனேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். எங்களுக்கு நடுவில் இருந்த சின்ன மேசையில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூவை வைத்தார். பிறகு, படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

எங்கள் வீடுகளில் செத்தவர்களின் படத்துக்குத்தான் பூ, செத்தவர்களின் படத்துக்குத்தான் விளக்கு. உயிரோடு இருப்பவனுக்கு அப்படி வைத்தால் அவனைச் சாகச் சொல்வது போல. இத்தனை வருடம் மாலையும் போடாமல், அந்தியேட்டிக் கிரியையும் செய்யாமல் நான் காப்பாற்றி வைத்திருந்தவனை இந்த மனுஷி ஒரு நெருப்புக்குச்சியால் முடித்துவிட்டாரே! திரியை ஊதி அணைத்தேன். படத்தைப் பிடுங்கிக்கொண்டு, மேலங்கியைக்கூட எடுக்காமல் பனிக்குள் இறங்கி நடந்தேன். இனி அந்தப் படியை மிதிப்பதில்லை என்று முடிவு.

மறுநாள் அவரே தொலைபேசியில் வந்தார்.

"நான் ஏதோ பிழை விட்டிட்டன். ஆனா என்ன பிழையெண்டு எனக்கு விளங்கேல்லை. வந்து சொல்லுவீங்களோ?"

சண்டை பிடிக்கத்தான் போனேன். என் மேலங்கி கொளுவியில் தொங்கியது. மேசையில் ஒன்றும் இருக்கவில்லை. நான் சொல்லி முடிக்குமட்டும் அவர் குறுக்கே பேசவில்லை.

"எங்கட பக்கத்தில ஒராளை நினைச்சாலே மெழுகுதிரி கொளுத்துவம்," என்றார். "அன்பிலதான் செய்தன். எண்டாலும் உங்களிட்டக் கேட்டுப்போட்டுச் செய்திருக்கோணும். மன்னியுங்கோ."

படித்த மனுஷி ஒருவர் தன் பிழைக்கு மன்னிப்புக் கேட்டு நான் கண்டது குறைவு. சண்டை பிடிக்க வந்தவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப, வரப்போற ஒருத்தருக்கு நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

"உலையில ஒரு பிடி அரிசி கூடப் போடுவன். மிஞ்சினால் அடுத்தநாள் நான் சாப்பிடுவன்."

"அழுவீங்களோ?"

"சீச்சீ. கூடாது." அம்மா இருக்குமட்டும் எங்களை அழவிடவில்லை. தொலைபேசியில் குரல் கொஞ்சம் தளும்பினாலும், "இருக்கிற பிள்ளைக்கு ஆரும் ஒப்பாரி வைப்பினமோ?" என்று அதட்டுவா. அழாமலே போய்ச் சேர்ந்தா.

ஆலோசகர் வேறுமாதிரிக் கேட்டார். "உயிரோட இருக்கிற ஒருத்தருக்காக நீங்கள் எப்பவுமே அழுறேல்லையோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நாங்கள் அழாத ஆட்களா? ஒருவரை வழியனுப்பப் போனால் குடும்பமே திரண்டு போய் அழும். சூரிச் விமான நிலையத்தில் எங்கள் சனம் இன்றைக்கும் அழுகிற அழுகையில் காவல்காரர் எட்டிப் பார்ப்பார்கள். பயணம் போகிறவருக்காக அழலாம். அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதை அவரிடம் சொன்னேன்.

"தம்பியை விட்டிட்டு வரேக்க அழுதனீங்களோ?"

அன்றைக்கு அவன்தான் என்னைச் சைக்கிளில் பஸ்ஸடிக்கு ஏற்றிவந்தான். அழுதால் ஆமிச் செக்கிங்கில் சந்தேகம் வரும், கலியாணவீட்டுக்குப் போகிற மாதிரி இரு என்று என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் சொல்லியிருந்தான். நான் சிரித்துக்கொண்டு ஏறினேன். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றான்.

"போட்டு வாக்கா. நான் பின்னால வாறன்."

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். பஸ் திரும்பும்போது அவன் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் பின்னால் வந்தான்.

"அழேல்லை," என்றேன் ஆலோசகரிடம்.

அவர் என் கைப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானே அதற்குள்ளிருந்து தம்பியின் படத்தை எடுத்து மேசையில் நிறுத்தினேன். பூவும் இல்லை, திரியும் இல்லை.

"கவனமா வா ராசா," என்றேன் அவனிடம். "சைக்கிளை இருந்து ஓட்டு. நான் இஞ்சதான் நிக்கிறன்."

பஸ்ஸடியில் அழவேண்டிய அழுகையை பீலில் அழுதேன். எங்கள் சனம் விமான நிலையத்தில் அழுவதுபோல, சத்தம் போட்டு, மூக்குச் சிந்தி, வெட்கமில்லாமல் அழுதேன். ஆலோசகர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கை நடுக்கம் உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்லத்தான் குறைந்தது. அன்று வீட்டுக்கு வந்து படத்தைப் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் பழையபடி ஒட்டினேன். கணவர் சமையலறை வாசலில் நின்று என் வீங்கிய கண்ணைப் பார்த்தார். அரிசி வாளியை எடுத்து வந்து நீட்டினார். வழக்கமான அளவை அள்ளிப் போட்டேன். பிறகு, அவனுக்கு ஒரு பிடி.