நீள ராடும் குட்டைப் பிஸ்டனும்

எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து இன்னும் நாப்பது நாள் ஆகல. மலை ரேசுக்கு அவர் பாதி கட்டி வச்ச ஜீப் இன்ஜினை இன்னிக்கு அவர் வேலை பாத்த மூணாறு ஒர்க்‌ஷாப்புல பாத்தேன்.

பிஸ்டனை மேலயும் கீழயும் தள்ளுற ராடுல, அவர் தேடி வாங்கின நீள ராடை ஒர்க்ஷாப் முதலாளி மாட்டிட்டாரு. அதோட சேர வேண்டிய குட்டைப் பிஸ்டனை விட்டுட்டு, பழைய பிஸ்டனையே போட்டிருக்காரு.

"அண்ணாச்சி, ராடு நீளமானா பிஸ்டன் மேலேறி, இன்ஜின் மூடி ஹெட்டுல இடிக்கும். சாப்பிடும்போதுகூட அவர் இதைத்தான் சொல்லுவாரு"ன்னேன்.

"கொழுந்து கிள்ளுறவ எனக்கு இன்ஜின் சொல்லித் தாறியா?"

இன்ஜினைக் கையால சுத்திப் பாக்கச் சொன்னேன். பிஸ்டன் இடிச்சு பாதியில டக்குனு நின்னுச்சு.

"உன் புருசன் எடுத்த அளவு தப்பு"ங்காரு!

"அப்ப இது உங்களுக்கு எதுக்கு?"ன்னு எங்க வீட்டுக்காரர் வாங்கி வச்ச குட்டைப் பிஸ்டன் நாலையும் முந்தானையில கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்.

இனி ரேசுக்கு முதலாளி எதைப் போட்டு ஓட்டுவாரோ, தெரிஞ்சவங்க சொல்லுங்க.