மூன்றாவது வரி

ஹெர்த்தா நோவாக்கின் அப்பா கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறவர். மகள் கண்ணாடியில் பெயர் எழுதப் போனபோது அவருக்கு ஏக இளக்காரம். "நான் ஒரு எழுத்து தப்பா வெட்டினா கல்லே போச்சு. உனக்கென்னடி, ஒரு வாளி வெந்நீர் போதும்" என்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பெர்லினில் ஒரு படக்கம்பெனியில் ஹெர்த்தாவுக்கு அதுதான் வேலை. படம் தொடங்கும்போது திரையில் தெரிகிற பெயர்களைக் கறுப்புக் கண்ணாடிப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுத வேண்டும். கேமரா பிடித்து முடித்ததும் பலகையை வெந்நீரில் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுத்தை யாரும் எழுதிவிடலாம். வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் வேலைக்காரியின் லட்சணம் தெரியும். ஹெர்த்தா அளவுகோலைத் தொடமாட்டாள். நாலடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். ஒரு நூல் பிசகியிருந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பெயர்ப்பலகையில் இடைவெளி கோணலாக இருந்ததற்காகக் கறி வாங்கும் கடையையே மாற்றியவள் அவள். டிராம் ஓட்டிய கணவர் எமில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது.

பாட்டெழுதுகிற ஃபெலிக்ஸ் அரோன் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் தன் பெயரைப் பார்க்க அவள் அறைக்கு வருவார். கையில் கசகசா கேக் பொட்டலம் இருக்கும்.

"சின்னப் பேருதான், ஃப்ராவ் நோவாக். அதையும் சிக்கனம் பிடிச்சு எழுதிடாதீங்க."

"கேக்கு சின்னதா வந்தா பேரும் சின்னதாத்தான் வரும், ஹெர் அரோன்."

மேடையில் நூறு நாள் ஓடிய அவருடைய ஆபரெட்டா என்கிற பாட்டு நாடகத்தைப் படமாக எடுத்தார்கள். சீமாட்டி ஒருத்தி சலவைக்காரி வேஷம் போட்டு, தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் சட்டையை வெளுத்துக்கொடுத்து அவன் குணத்தைப் பரீட்சை பார்க்கிற கூத்து. அதன் பாட்டுகளை முணுமுணுக்காத சமையலறை பெர்லினில் இல்லை. படப்பிடிப்பு முடிவதற்குள் ஆட்சி மாறியது. முப்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் கம்பெனியிலிருந்து யூதர்கள் ஒவ்வொருவராக வெளியே அனுப்பப்பட்டார்கள்.

ஒரு காலையில் தயாரிப்பு நிர்வாகி ஷ்டெக்மான் அவள் அறை வாசலில் வந்து நின்றார். பலகையில் ஆறு வரி எழுதிக் காய்ந்திருந்தது. மூன்றாவது வரி, 'பாடல்கள்: ஃபெலிக்ஸ் அரோன்'.

"மூணாவது வரியைத் துடைச்சிடுங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "புதுசா எழுத நேரமில்ல. மூணு மணிக்குக் கேமரா வருது."

"வெறுமனே துடைச்சா நடுவுல ஓட்டை தெரியுமே?"

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். பேரு இருக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. ஓட்டை இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்த்தா சாகும்வரை மறக்கவில்லை.

ஈரத்துணியால் துடைத்தாள். ஒரே இழுப்பில் போய்விட்டது. அது அவள் தினம் செய்கிற வேலை.

மத்தியானம் அரோன் வந்தார். தன் மேஜையில் இருந்த சாமான்களை எடுத்துப்போக அரைமணி நேரம் அனுமதித்திருந்தார்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வழக்கமான பொட்டலம். பலகை முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடம் கிடந்தது.

அவர்தான் பேசினார்.

"இப்படியேதான் படம் பிடிக்கப் போறாங்களா?"

"ஆமா."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ஊர்ல பாதிப் பேருக்கு இந்தப் பாட்டு யாரோடதுன்னு தெரியும். தெரியாதவன் இந்த ஓட்டையைப் பாத்துட்டு, இங்க யாரு இருந்தான்னு பக்கத்து சீட்டுக்காரனைக் கேப்பான். பேரு போட்டிருந்தாக்கூட எவனும் படிச்சிருக்கமாட்டான். இதை அப்படியே விட்டுடுங்க. எனக்காக."

அவள் தலையாட்டினாள். தலையாட்டினாள் என்பதுதான் பின்னால் அவளை அரித்தது. பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் போனார். அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை.

மணி ஒன்று. ஹெர்த்தா நாலடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கினாள். மேலே இரண்டு வரி நெருக்கிக் கிடக்க, கீழே மூன்று வரி தொங்கின. கத்துக்குட்டி எழுதியதுபோல அசிங்கமாக இருந்தது. போதாததற்கு, அந்த ஓட்டையைப் பார்த்து யாராவது மேலிடத்தில் கேட்டால் எழுதியவள் யார் என்று விசாரிப்பார்களே என்ற பயமும் இருந்தது. எந்த எண்ணம் முதலில் வந்தது என்று அவளால் சொல்லவே முடிந்ததில்லை. தொழில்தான் முதலில் வந்தது என்று இருபது வருஷம் தனக்குத்தானே சாதித்தாள். சாதிக்க வேண்டியிருந்ததே, அதிலேயே பதில் இருக்கிறது.

வெந்நீர் கொண்டுவந்து பலகை முழுவதையும் கழுவினாள். ஐந்து வரியை ஐந்துக்கென்றே இடம் பிரித்து எழுதினாள். அவ்வளவு நேர்த்தியாக அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வந்த ஷ்டெக்மான் அசந்துபோனார். "பலே. இங்க ஒரு ஆள் இருந்தார்னு சத்தியம் பண்ணாக்கூட எவனும் நம்பமாட்டான்."

கேக்கை வீட்டுக்கு எடுத்துப்போனாள். எமில் தின்றார். அவளும் தின்றாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் பார்க்கப் போகவில்லை. பிறகு யுத்தம் வந்தது. எமில் திரும்பவில்லை. இடிந்த ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தாள். ஐம்பத்தெட்டாம் வருஷம், அவளுக்கு அறுபது நெருங்கும்போது, கடலுக்கு அந்தப் பக்கம் மான்டிவிடியோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் இல்ஸே, அரோனின் மகள். அப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறதாம். பெர்லின் வருகிறாளாம். ஷ்டெக்லிட்ஸ் பகுதியில் ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழைய படம் போடுகிறார்கள், அந்த வாரம் அப்பாவின் படம். 'நீங்கள் விட்டுவைத்த அந்த ஓட்டையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

ஹெர்த்தா உடம்பு சரியில்லை என்று எழுதினாள், கிழித்தாள். உண்மையை எழுதினாள், அதையும் கிழித்தாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

இல்ஸேவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் அதே நீள முகம். கையைப் பிடித்தவள் விடவில்லை.

"அங்க அப்பா ஒரு நோட்டுப்புத்தகக் கடையில கணக்கெழுதினாரு. யாராவது நீங்க பெர்லின்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டா, ஒரு படத்துல எனக்கு ஓட்டை இருக்குன்னு சொல்லிச் சிரிப்பாரு. எனக்காக ஒருத்தி விட்டு வெச்சிருக்கான்னு சொல்லுவாரு."

"இல்ஸே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"படம் முடிஞ்சு சொல்லுங்க. மணி அடிச்சாச்சு, வாங்க."

அதற்கு மேல் வற்புறுத்தாததும் ஹெர்த்தாவின் குற்றம்தான். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்து வாத்தியம் தொடங்கியது. திரையில் பலகை வந்தது. ஐந்து வரி. இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஒரு நூல் பிசகில்லை. தன் வேலையைப் பார்த்து அவள் மனசு ஒரு கணம் பூரித்தது. அதற்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை.

பலகை போய், மாளிகை வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

"இன்னும் வரலியா?" இல்ஸே குனிந்து கேட்டாள்.

"வந்து போயிடுச்சு."

"நான் பாக்கலியே. ஓட்டை எங்க இருந்துச்சு?"

"இல்ல. நான்தான் மூடினேன். அவருக்குத் தலையாட்டிட்டு, அவர் போனதும் திருப்பி எழுதினேன். என்னை யாரும் எழுதச் சொல்லல."

திரையில் சீமாட்டி சட்டையைப் பிழிந்துகொண்டே பாட ஆரம்பித்தாள். முன்வரிசையில் கிழவிகள் கூடவே முணுமுணுத்தார்கள், ஒரு சொல் தவறாமல். எல்லாம் அரோனின் சொற்கள். யாரும் பக்கத்து சீட்டுக்காரனை எதுவும் கேட்கவில்லை.

பாட்டு முடியும்வரை இல்ஸே அசையவில்லை. பிறகு மடியில் இருந்த கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"நல்லவேளை, அவர் பாக்கல" என்றாள்.

எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். வெளியே போகவில்லை. கடைசிவரை படம் பார்த்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை சிரிக்கவும் சிரித்தாள். நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. நகர்ந்து உட்காரலாமா என்று ஹெர்த்தாவுக்குத் தோன்றாமல் இல்லை. இந்தத் தடவை அந்த இடத்தை அவள் அப்படியே விட்டாள்.