நிற்பவள்தான் அத்தை

பழைய பேப்பர் எடுக்கும் ஆக்ரிக்கடைகளில் ஊர்பேர் தெரியாதவர்களின் புகைப்படங்களைப் பொறுக்கி, கெட்டித்தாளில் ஒட்டி, பக்கத்தில் என் கையெழுத்தில் பொய்க்கதை எழுதி, நூல் கோத்துத் தைத்துப் புத்தகமாக்குவது என் தொழில் அல்ல, வியாதி. ஒரு கதைக்கு ஒரே பிரதிதான். வாங்க ஆள் இல்லாததால் அதுவே அதிகம்.

போன வருஷம் செய்த ஒன்று, சாலைக் கடைத்தெருவில் கிடைத்த படத்தை வைத்து. ஸ்டூடியோவில் பாவாடை தாவணியில் இரண்டு பெண்கள். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி நிற்கிறாள். இருவரும் வித்துரா வழியாக மலையேறி, தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதப் போய், குடிகார மேனேஜரைத் துரத்திவிட்டுத் தோட்டத்தைத் தாங்களே நடத்துவதாகக் கதை கட்டினேன். ஒரு மழைக்காலம் முழுக்க மைதாப் பசையும் கையுமாக இருந்தேன். வீட்டில் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

புத்தகத்தை ஒரு கண்காட்சியில் வைத்தேன். யாரோ படம் ஒட்டிய பக்கத்தை ஃபோனில் எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீடு தேடி வந்தார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். படத்தில் இருப்பது தன் அத்தையும் அத்தையின் சிநேகிதியும் என்றார். அத்தை போன வாரம் இறந்துவிட்டாளாம். பதிமூன்றாம் நாள் நோட்டீஸுக்கும் தெருமுனை ஃப்ளெக்ஸுக்கும் போட வேறு படம் கிடையாதாம்.

"அந்தப் பக்கத்தை வெட்டித் தரணும் சார். எங்காத்துப் படமாக்கும் அது."

அது ஆக்ரிக்கடைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மாடியை ஒதுக்கியபோது ஆல்பத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்களாம். பித்தளைப் பாத்திரங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டதையும் அவரே சொன்னார். கதையிலும் அவருக்கு ஆட்சேபணை இருந்தது. தோட்டமாவது மேனேஜராவது, அத்தை தம்பானூர் ரயிலடி தாண்டிப் போனதே இல்லையாம். பெருமையாகச் சொன்னார்.

கல்யாண ஆல்பங்களில்கூடவா இல்லை என்று கேட்டேன். அத்தை இருபது வயதில் விதவையாகி அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். மங்களகாரியங்களில் முன்னால் வரக்கூடாது என்று வழக்கம். வீட்டில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அடுக்களையில் சமைத்தாள்; ஃபோட்டோகிராபர் அடுக்களைக்கு வரவில்லை. ஆதார் அட்டையில் இருப்பது அத்தை மாதிரியே இல்லை. ஃபோன் வந்து இத்தனை வருஷமாச்சே, பூனையைக்கூட எடுக்கிறோமே என்றேன்.

"அத்தை எப்பவும் அங்கேயேதானே இருந்தா. எடுக்கணும்னு தோணலை."

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அதில் பாதி, என் பக்கம் வெட்டுப்படப் போகிறதே என்று. என் பெருந்தன்மை அவ்வளவுதான். மீதிக் கோபத்தோடு புத்தகத்தை விரித்து, இதில் அத்தை யார் என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஆதார் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வீடியோ காலில் பெங்களூர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா, உட்கார்ந்திருப்பவள்தான், மூக்கைப் பார்த்தாலே தெரிகிறதே என்றாள். மும்பைத் தம்பி, அந்த மூக்கு நிற்பவளுக்குத்தான் இருக்கிறது என்றான். மூன்று பேரும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அத்தையும் சிநேகிதியும் என்று கேட்டிருக்கிறார்களே தவிர, எது அத்தை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"நிக்கறவதான். அத்தை உக்காந்து நான் பார்த்ததே இல்லை."

தாள் வெட்டும் கத்தியை எடுத்தேன். இரண்டு பெண்களோடும் படத்தை அறுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு பேரையும் போடுங்க. ஒருத்தி நிச்சயமா உங்களுக்குச் சோறு போட்டவ."

"அதெப்படி சாரே, இன்னொருத்தி யாருன்னு ஜனங்க கேக்க மாட்டாளா?"

கேட்கிற ஜனங்களாக இருந்தால் நீங்கள் ஏன் இங்கே வந்திருக்கப் போகிறீர்கள் என்று சொல்லி, அவர் போனதும் கதவைப் பலமாகச் சாத்தினேன். தாழ்ப்பாள் கழன்று வந்துவிட்டது.

பதிமூன்றாம் நாள், தம்பானூர் போகிற ஆட்டோவை வலியசாலை வழியாக விடச் சொன்னேன். தெருமுனையில் ஃப்ளெக்ஸ். நிற்பவள் மட்டும், கலர் பூசி. நாற்காலியையும் அதில் இருந்தவளையும் அழித்துவிட்டதால், நாற்காலி முதுகில் வைத்திருந்த கை அந்தரத்தில் எதையோ பிடித்தபடி நிற்கிறது. அதில் ஒரு கரண்டியையும் வரைந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் அத்தையைச் சந்தேகமில்லாமல் அடையாளம் தெரிந்திருக்கும்.