புழு பழுத்த ஞாயிறு

சபையின் சட்டத் தாளை எழுதியவன் நான். பாஸ்டர் சொன்னார், நான் எழுதினேன் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பாஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம வேலைக்குப் போயிட்டு ஆராதனைக்கு வராம இருக்கறவங்கள யாராச்சும் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கப்பா."

நான் எழுதியது வேறு. "ஞாயிறு ஆராதனையை விட்டு வேலை செய்வோர் மூன்று மாதம் திருவிருந்தில் பங்குபெறக் கூடாது. அக்காலத்தில் அவர்களுக்குச் சபையின் கடிதம் எதுவும் வழங்கப்படாது."

திருவிருந்து என்பது மாதம் ஒரு முறை சபையாக அப்பமும் ரசமும் பங்கிட்டுக்கொள்வது. இந்தத் தண்டனைகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. சட்டம் என்று ஒன்றை எழுத்தில் நான் பார்த்த ஒரே இடம் கல்லூரி ஹாஸ்டலின் அறிவிப்புப் பலகை. அங்கே ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு தண்டனை இருக்கும். தண்டனை இல்லாவிட்டால் அது விதி ஆகாது என்றே நினைத்திருந்தேன். படித்தவன் என்று சபை என்னைச் செயலாளராக வைத்தது. எனக்குத் தெரிந்த படிப்பைச் சபைக்குக் கொடுத்தேன்.

பாஸ்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ வேணுமா தம்பி?" என்றார். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சபை மூப்பர் பக்கத்தில் இருந்தார். "இருக்கட்டும்ங்க. ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்ல" என்றார். கடத்தூருக்கு மினிபஸ்ஸில் போய் லேமினேஷன் போட்டு வந்து கதவோரம் ஆணியடித்து மாட்டினேன். ஆராதனைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது என் எழுத்து அவர்கள் கண்ணில் படும். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் அதில் மாட்டியவர் புழு வூட்டு அக்கா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். புருஷன் இறந்த பிறகு, இருந்த நிலத்தில் மல்பெரி போட்டு, ஷீட் கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்து, ஒரே மகளைப் படிக்கவைத்தவர். ஒரு பட்டம், அதாவது ஒரு தொகுதிப் புழு, வைத்தால் கடைசி வாரத்தில் சபைப் பக்கமே வரமாட்டார். புழு அப்போது இரவு பகலாகத் தின்னும்.

மகளுக்கு அரூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அவர்களுடையது பழைய சபை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசிக்கவே பெண் வீட்டுச் சபையின் கடிதம் வேண்டும். வருகிற ஞாயிறு ஓலை தொடங்காவிட்டால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் குறுக்கே வந்துவிடும். அந்த நாற்பது நாள் அங்கே கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஏற்கெனவே மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணோட அம்மா சர்ச்சுக்கு ஒழுங்கா வர்றதில்லயாமே?" என்று யாரிடமோ விசாரித்ததாகப் பேச்சு. கடிதம் தள்ளிப்போனால் சம்பந்தமே தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின ஞாயிறும் அக்கா வரவில்லை. ஆராதனை முடிந்ததும் மூப்பர் என்னைத் தனியே கூப்பிட்டார். "செயலாளர் நேர்ல போயி பாத்துட்டு வந்துரு. ஒடம்பு முடியலன்னா ஜெபம் பண்ணிட்டு வா. வேலதான்னா சட்டம் இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் உக்காந்து முடிவு பண்ணிருவோம்."

வெள்ளைச் சட்டையில், கையில் பைபிளோடு போனேன். வேலையாகத்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்துதான் வேகமாக நடந்தேன்.

கொட்டகைக் கதவுக்குப் பத்தடி தூரத்திலேயே உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரது? அங்கயே நில்லு. என்னா வாசம் இது?"

"நான்தான்க்கா. செண்டு..."

"செண்டு போட்டுக்கிட்டு புழு வூட்டுக்கு வருவியா? புழுவுக்கு ஆவாது, எட்டப் போ."

நாலடி பின்னால் போனேன். "சபை விசயமா பேசணும்க்கா."

"என்னா விசயமா வேணா இருக்கட்டும். சட்டயக் கழட்டி அந்த முருங்க மரத்துல போடு. தொட்டில கையி கழுத்தெல்லாம் தேச்சுக் கழுவு. வாசப்படில பிளீச்சிங் பவுடர் கெடக்குது பாரு, அத மிதிச்சிட்டு வா."

பனியனோடு நின்றேன். கையில் இருந்ததைக் காட்டி, "பைபிள்?" என்றேன்.

"அதுக்குமா செண்டு அடிச்ச? இல்லன்னா கொண்டா."

ஒருவரை விருந்திலிருந்து நிறுத்த வந்தவன், அவர் வாசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

உள்ளே சத்தமே இல்லை. புழு இலை தின்னும்போது கொட்டகை முழுக்க ஒரு சரசரப்பு கேட்கும். பழுத்துவிட்டால் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும். அப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விடவேண்டும். விடாவிட்டால் காய்ந்த இலைக்குள்ளேயே கட்டிக் கெட்டுப்போகும். வழக்கமாகப் பொறுக்க வரும் பெண்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அந்த நீளக் கொட்டகையில் அக்காவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"நாலு ஞாயித்துக்கெழம வரலக்கா."

"மூணு. ஒண்ணு காய்ச்சல்." அவர் கை நிற்கவில்லை.

"சட்டம் ஒண்ணு..."

"தெரியும். நீ ஆணி அடிச்சதுதான? இவதான் படிச்சுக் காட்டுனா."

மகள் நிமிராமலே கேட்டாள். "லெட்டர் கெடைக்காதாண்ணா?"

"மீட்டிங்ல பேசுவோம்" என்றேன். ஹாஸ்டலில் வார்டன் எங்களிடம் சொல்லும் அதே பதில். அவள் தட்டில் இருந்த புழுக்களைச் சந்திரிகையில் பரப்பினாள்.

எனக்கு ஏதாவது சொல்லியாகவேண்டும் போல இருந்தது. "ஆறு நாள் நம்மளுது, ஒரு நாளாவது ஆண்டவருக்குன்னு இருக்கவேணாமாக்கா?"

"உனக்கு ஞாயித்துக்கெழம லீவு. மூப்பருக்கு மாசம் பொறந்தா பென்சன். பாஸ்டருக்கு ஞாயித்துக்கெழமதான் வேலையே. இந்தப் புழுவுக்கு யாரு லீவு எழுதிக் குடுக்கறது? நீ எழுதிக் குடுக்கறயா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அப்ப ஜெபம்?" என்றேன். நியாயம் என் பக்கம் இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வெடியால எல வெட்டறப்ப பண்ணுவேன். சில நா மறந்தும் போயிருவேன். உங்கிட்டப் பொய் சொல்லி என்னா ஆவப் போவுது? கூடு நல்லா வரணும், இவ கல்யாணம் நடக்கணும். எம் மனசுல இன்னிக்கு அதுதான் இருக்குது. பெரிய பக்தியெல்லாம் இல்ல தம்பி." இரண்டு புழுக்களைப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு, "ஆனா அந்த அப்பத்துண்டு வாயில படாத மாசம் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். சாப்புட்டாலும் சாப்புடாத மாதிரி. அது ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல" என்றார்.

அவர் நல்லவராகத் தன்னைக் காட்டிக்கொள்ள முயன்றிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உங்கம்மாவும் நானும் ஞாயித்துக்கெழம தக்காளி பறிக்கப் போவோம்" என்றார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "அன்னிக்கு ஆளு கெடைக்காதுன்னு கூலி சேத்துக் குடுப்பாங்க. நீ ஆஸ்டல்ல இருந்த."

எனக்குத் தெரியாததில்லை. திங்கட்கிழமைகளில் ஹாஸ்டல் கேட்டில் வந்து நிற்கும் அம்மாவின் விரல்கள் தக்காளிச் செடியின் கறையில் கறுத்திருக்கும். நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்று சீக்கிரம் அனுப்பிவிடுவேன். அடுத்த திருவிருந்தில் அதே விரல்களோடுதான் அம்மா அப்பம் வாங்கியிருப்பாள். யாரும் தடுக்கவில்லை. அப்போது சபையில் சட்டம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"நிக்கறதுன்னா நில்லு. இல்லன்னா ஒரு தட்ட எடு. வெளிச்சம் போயிரும்" என்றார் அக்கா.

தட்டை எடுத்தேன். இரக்கமா, வெட்கமா, அக்காவின் மகள் என்னைக் கெட்டவனாக நினைத்துவிடக் கூடாது என்பதா, இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் தட்டில் பாதிக்குமேல் தவறாகப் பொறுக்கியிருந்தேன். "இது பழுக்கல, இன்னும் திங்கும். இதுவும் இல்ல. வெளிச்சத்துல தூக்கிப் பாரு, கழுத்துல இருந்து கண்ணாடியாட்டம் தெரியணும்" என்று ஒவ்வொன்றாக எடுத்து இலைக்குத் திருப்பி விட்டார். பொழுது இறங்கும்வரை பொறுக்கினேன். கடைசிவரை அக்கா தொட்டுப் பார்த்ததைப் போல எனக்குக் கைவரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சபையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். பாஸ்டர், மூப்பர், நான். மினிட்ஸ் நோட்டு என் மடியில்.

"போயி பாத்தியா?" என்றார் மூப்பர்.

"பாத்தேங்க."

"வேலையா?"

"வேலதாங்க."

"அப்ப எழுதிரு. மூணு மாசம்."

பேனாவைத் திறந்தேன். "ரெண்டு பேர எழுதணும்ங்க" என்றேன்.

"ரெண்டாவது யாரு?"

"நான்தாங்க. மத்தியானத்துல இருந்து நானும் பொறுக்குனேன்."

மூப்பர் என்னை முறைத்தார். "நீ ஆராதனைக்கு வந்துட்டுதான போன? அதுவும் ஒதவிக்கு. அவங்க வரும்படிக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"நான் எதுக்குப் பொறுக்குனேன்னு எனக்கே தெரியலங்க. அவங்க எதுக்குன்னு அவங்க மறைக்காம சொல்லிட்டாங்க."

"மனச மனசப் பாத்துக்கிட்டு இருந்தா சட்டம் நிக்காதுப்பா." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னிக்குப் புழும்பாங்க. நாளைக்குத் தக்காளிம்பாங்க. அப்பறம் இந்தக் கட்டடத்துல நாம மூணு பேருதான் உக்காந்து பாடணும். இதுக்குக் கல்லு சொமந்தவன் நானு." அதுவும் உண்மை. அந்தச் சுவர் எழும்பும்போது, வேலையில் இருந்த நாளிலேயே, சாயங்காலம் வந்து கல் தூக்கியவர் அவர். ஆள் குறைந்துபோகும் என்ற பயம் அவருக்குள் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதற்குமேல் மறைத்தால் அவர்மேல் பழி போட்டதாகும் என்று தோன்றியது. "அந்த மூணு மாசம் பாஸ்டர் சொன்னதில்லங்க. கடிதம் தரக்கூடாதுங்கறதும் சொல்லல. நானாச் சேத்தது."

மூப்பர் பாஸ்டர் பக்கம் திரும்பினார். பாஸ்டர் தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியும்ங்க. படிச்ச புள்ள எழுதியிருக்குது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "கேட்டுட்டு வான்னுதான சொன்னேன். கேட்டியா?"

"கேட்டேங்க."

"அப்ப லெட்டர எழுது."

எழுதினேன். 'எங்கள் சபையின் திருவிருந்தில் பங்குபெறும் குடும்பம்' என்ற வரி வந்தபோது மூப்பர் எழுந்துவிட்டார். "நான் கையெழுத்துப் போடல. தடுக்கவும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். பாஸ்டர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. நடுவில் மூப்பருக்கான இடம் காலியாகவே இருந்தது.

புதன்கிழமை லீவு போட்டு நானே அரூருக்குக் கொண்டுபோனேன். அந்தச் சபையின் ஆயர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். விரல் காலியிடத்தில் நின்றது. "மூப்பர் போடலையே?"

"தடுக்கலைங்க" என்றேன். ஒரு பொய் வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தார். "சரி. ஞாயித்துக்கிழமை வாசிக்கறோம்." வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. முந்தின நாள்தான் கூடு எடுத்து முடித்திருந்த அக்கா, பெண்கள் பாயில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்நேரம் அரூரில் மகளின் முதல் ஓலையை வாசித்துக்கொண்டிருப்பார்கள். வழக்கம்போல மூப்பர்தான் தட்டோடு வந்தார். அக்கா முன்னால் தட்டு நின்றது. அக்கா கை நீட்டியபடி இருந்தார், தலை குனிந்திருந்தது. மூப்பர் தட்டைத் தாழ்த்தினார். அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

என்னிடம் வந்தபோது நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். நான் எழுதிய சட்டத்துக்கு நானாவது கீழ்ப்படியவேண்டும் என்று வாரம் முழுக்க யோசித்து முடிவு செய்திருந்தேன். அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

வெளியே செருப்பு போடும் இடத்தில் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏன் எடுக்கல?"

"நானும் வேல செஞ்சேன்ல. சட்டம்னா சட்டம்தானக்கா. மூணு மாசம்."

கதவோரம் பளபளத்த தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை. மூக்கைச் சுருக்கினார். "இன்னும் அந்தச் செண்டு வாசம் போவல உங்கிட்ட" என்று சொல்லிவிட்டு மல்பெரித் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

அன்று நான் செண்டு போட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் தட்டு வந்தபோது எடுத்துக்கொண்டேன்.